பழைய ஃபோர்ட் பிக்கப்பின் முன் அக்சிலும் ஸ்டியரிங்கும்: முதன்முறை கை வைப்பவர்களுக்கு

பழைய அமெரிக்க பிக்கப் ஒன்று கைக்கு வந்ததும் எல்லோருக்கும் வருகிற முதல் ஆசை முன்பக்கத்தைத் தாழ்த்துவதுதான். எனக்கும் அதுதான் வந்தது. கொழும்பு கொட்டாஞ்சேனையில் மாமா வீட்டு முற்றத்தில் வருடக்கணக்காகத் தார்ப்பாய்க்குள் கிடந்த 1951 ஃபோர்ட் எஃப் 1 அது. இப்போது அது வெள்ளவத்தையிலிருந்து பஞ்சிகாவத்தை வரை ஒரு கையால் பிடித்து ஓட்டக்கூடிய வண்டி. அந்த நிலைக்கு வர மூன்று தடவை முன்பக்கத்தைக் கழற்றிப் பூட்டினேன். நீங்கள் ஒரே தடவையில் முடிக்க வேண்டும் என்பதற்காக, எந்த வேலைக்குப் பிறகு எந்த வேலை என்று வரிசையாக எழுதுகிறேன்.

எஃப் 1 என்பது ஃபோர்ட் 1948 முதல் 1952 வரை செய்த அரை டன் பிக்கப். முன்னால் ஒரே துண்டான 'ஐ' வடிவ அக்சில், இரண்டு பக்கமும் பட்டை ஸ்பிரிங், சக்கரம் இடமும் வலமும் திரும்புவதற்குக் கிங்பின் என்ற செங்குத்து ஆணி. அதே காலத்து ஷெவர்லே 3100 பிக்கப்பிலும் அடிப்படை அமைப்பு இதேதான், ஆகவே கீழே வருகிறவற்றில் பெரும்பகுதி அதற்கும் பொருந்தும். மொரிஸ் மைனர் பிக்கப் வைத்திருப்பவர்கள் இதைப் பின்பற்ற வேண்டாம். அதில் டோர்ஷன் பாரும் ரக் ஸ்டியரிங்கும் இருக்கின்றன, அது வேறு கதை.

தேய்மானத்தை முதலில் பாருங்கள்

வண்டி வீதியில் அங்குமிங்கும் அலைகிறது, பள்ளத்தில் விழுந்தால் ஸ்டியரிங் கையில் நடுங்குகிறது என்று சொல்லி ஸ்டியரிங் பொக்ஸை மாற்றப் புறப்படுகிறவர்கள் நிறையப் பேர். எழுபது வருட வண்டியில் அந்த அலைச்சல் பெரும்பாலும் தேய்ந்த சாமானிலிருந்து வருகிறது. தேய்ந்த கிங்பின்மேல் எந்தப் புதிய பொக்ஸைப் பூட்டினாலும் வண்டி அலையத்தான் செய்யும். அதனால் மாற்றம் செய்யும் எண்ணத்தைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, இருப்பதைச் சரிபார்ப்போம்.

முன் அக்சிலை ஜக் அடித்துத் தூக்கி, சேசிக்குக் கீழே ஸ்டாண்ட் வையுங்கள். ஜக்கை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே போகாதீர்கள், செங்கல்லையும் நம்பாதீர்கள். சக்கரத்தின் மேல் உச்சியையும் கீழ் அடியையும் பிடித்து உள்ளே வெளியே ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் அது சக்கர பெயாரிங்காகவும் இருக்கலாம், கிங்பின்னாகவும் இருக்கலாம். பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது: ஒருவரை பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் பெயாரிங். நிற்காவிட்டால் கிங்பின் அல்லது அது உள்ளே திரும்பும் குழல், அதாவது புஷ்.

அப்புறம் வண்டியை இறக்கிச் சக்கரங்கள் தரையில் நிற்கும்போது, ஒருவர் ஸ்டியரிங் வளையத்தை இடமும் வலமுமாகச் சிறிது சிறிதாக அசைக்கட்டும். நீங்கள் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டாகக் கை வைத்துப் பாருங்கள். ஸ்டியரிங் பொக்ஸிலிருந்து வெளியே வரும் கை பிட்மன் ஆர்ம், அதன் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டு ட்ரக் லிங்க், முன் சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் தண்டு டை ரொட். பொக்ஸ் சேசியில் அசைகிறதா, பிட்மன் ஆர்ம் அசைந்தும் ட்ரக் லிங்க் தாமதமாக வருகிறதா, டை ரொட் எண்டுகள் குதிக்கின்றனவா என்று கண்ணுக்கு முன்பே கைக்குத் தெரியும். கண்டதை உடனே எழுதி வையுங்கள்.

கிங்பின் புஷ் மாற்றும் வேலையில் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். முதலாவது, புஷ்ஷில் உள்ள கிறீஸ் துவாரம், சக்கரத்தைத் தாங்கிக் கிங்பின்னில் திரும்பும் ஸ்டப் அக்சிலில் உள்ள துவாரத்தோடு நேராக வர வேண்டும். சற்றுத் திரும்பிய நிலையில் அடித்து இறக்கிவிட்டால் வெளியே நிப்பிளில் எத்தனை தடவை கிறீஸ் அடித்தாலும் உள்ளே ஒரு துளி போகாது. இரண்டாவது, மேல் புஷ்ஷையும் கீழ் புஷ்ஷையும் ஒரே நீள ரீமரால் ஒரே நேர்கோட்டில் கடைய வேண்டும். என் வண்டிக்கு முதல் தடவை ஒரு லேத் பட்டறையில் மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை என்று தனித்தனியாகக் கடைந்து கொடுத்தார்கள். கையில் பார்க்கும்போது அருமையாக இருந்தது. பூட்டிய பிறகு ஸ்டியரிங் இறுகி, திருப்பினால் தானாக நேருக்குத் திரும்பி வரவே இல்லை. கொடுக்கும்போதே 'இரண்டையும் சேர்த்து ஒரே லைனில்' என்று வாயால் சொல்லிக் கொடுங்கள். திரும்ப வாங்கும்போது கிங்பின்னைக் கையோடு கொண்டு போய், இரண்டு புஷ்ஷுக்குள்ளும் கை அழுத்தத்தில் இலேசான இறுக்கத்தோடு இறங்குகிறதா என்று அங்கேயே பாருங்கள். அக்சிலின் முனையில் கிங்பின் உட்காரும் துவாரமும் தேய்ந்திருக்கலாம். அங்கே கிங்பின் அசையவே கூடாது, பூட்டு ஆணி அதை இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும்.

பழைய பிரேக் டிரம்மைத் திறக்கும்போது அந்தத் தூளைக் காற்றடித்து ஊதாதீர்கள். அக்காலத்து பிரேக் லைனிங்கில் அஸ்பெஸ்டஸ் இருக்கும். தண்ணீர் தெளித்துத் துணியால் துடைத்து எடுங்கள்.

அளவு எடுத்தல்

இந்த வேலைக்குத் தேவை ஒரு தூக்குக்குண்டு, சுண்ணாம்புக் கட்டி, அளவு நாடா, கோணம் காட்டும் ஒரு கருவி. தொலைபேசியில் உள்ள கோணமானியும் போதும். சமதரையில் வண்டியை நிறுத்துங்கள். இரண்டு பக்கமும் முன் சக்கர நடுவுக்கும் பின் சக்கர நடுவுக்கும் இடையிலான தூரத்தை எடுங்கள். எஃப் 1இல் அது 114 அங்குலம். ஒரு பக்கம் குறைந்திருந்தால் ஒரு ஸ்பிரிங்கின் பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் நடு ஆணி முறிந்து அக்சில் நகர்ந்திருக்கலாம். பிறகு முன் ஸ்பிரிங் கண்களிலிருந்தும் (ஸ்பிரிங்கைச் சேசியில் பூட்டும் முனை வளையங்கள்) பின் ஸ்பிரிங் கண்களிலிருந்தும் தூக்குக்குண்டை இறக்கித் தரையில் புள்ளி வைத்து, குறுக்கு மூலை அளவுகளை ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் சேசி நேராக இருக்கிறது. முகத்துவாரம், மட்டக்குளிப் பக்கம் கடற்காற்றில் நின்ற வண்டியானால் ஸ்பிரிங் கண் பூட்டியிருக்கும் பிராக்கெட்டுகளைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். துரு தின்ற இரும்பு மந்தமாகச் சத்தம் போடும்.

அளவுகளிலெல்லாம் முக்கியமானது காஸ்டர். கிங்பின்னின் மேல்முனை பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம் அது. கையை விட்டாலும் சைக்கிள் நேராகப் போக அதன் முன் ஃபோர்க் சாய்ந்திருப்பதும் உதவுகிறது, இங்கும் அதே கணக்கு. அக்சிலில் ஸ்பிரிங் உட்காரும் தட்டையான இடத்தில் கோணமானியை வைத்தால் காஸ்டர் தெரியும். பட்டை ஸ்பிரிங்கும் ஐ அக்சிலும் உள்ள இப்படிப்பட்ட வண்டிக்கு நான் 5 பாகையைச் சுற்றி வைக்கிறேன்.

வண்டியைத் தாழ்த்துகிறவர்கள் பொதுவாக மறந்துவிடுவது இது: முன்பக்கத்தை மட்டும் 4 அங்குலம் இறக்கினால் 114 அங்குல நீளத்தில் சேசி முழுவதும் 2 பாகை முன்னோக்கிக் கவிழும். அந்த 2 பாகையும் காஸ்டரிலிருந்துதான் கழியும். அளந்தபோது 4 பாகை இருந்தால் மிஞ்சுவது 2. பிறகு பேஸ்லைன் வீதியில் லொறியின் காற்று அடித்தால் வண்டி பக்கத்து லேனுக்குப் போகும். முதல் தடவை நான் தாழ்த்தியபோது இப்படித்தான் ஆனது, பக்கத்தில் ஒரு முச்சக்கர வண்டி வந்துகொண்டிருந்தது. அன்றைக்குத் தப்பியது அந்த ஓட்டுநரின் கவனத்தால்.

எவ்வளவு தாழ்த்துவது, எப்படி

இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று ஸ்பிரிங்கில் சில பட்டைகளைக் கழற்றுவது அல்லது கண் உள்ள நீளமான பட்டையான தாய்ப்பட்டையின் கண்ணை மறுபக்கம் சுருட்டுவது. மற்றது தாழ்த்திய அக்சில், அதாவது இரு முனைகளும் மேல்நோக்கி வளைந்து நடுப்பகுதி கீழே இறங்கியது. அமெரிக்காவில் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பழைய கார்களை மாற்றி ஹொட் ரொட் செய்த இளைஞர்கள் ஃபோர்ட் அக்சில்களைச் சூடாக்கி முனையருகே இழுத்து இந்த வளைவைக் கொண்டுவந்தார்கள். அந்த வேலை அதற்கென்றே அச்சும் அனுபவமும் உள்ளவர்கள் செய்தது. இங்கே கராஜில் வாயு விளக்கால் சூடாக்கி அக்சிலை வளைத்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் கொடுக்காதீர்கள்.

என் கருத்தில் கொழும்புக்கு 2 அங்குலம் போதும். ஒழுங்கைகளில் உள்ள வேகத்தடைகள், ரயில் கடவைகள், மழை பெய்து ஒரு மணி நேரத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும் வீதிகள், இவை எல்லாவற்றையும் அந்த வண்டி கடக்க வேண்டும். 4 அங்குலம் இறக்கிய வண்டி படத்தில் அழகாக இருக்கும், ஆனால் தினமும் எடுக்க மனம் வராது. எவ்வளவு இறக்கினாலும் ஒரு விதி மாறாது. முன் இரண்டு ரிம்களின் அடிவிளிம்பையும் தொடும்படி ஒரு நூல் கட்டிப் பாருங்கள். அந்த நூலுக்குக் கீழே அக்சிலோ டை ரொட்டோ ஸ்பிரிங்கை அக்சிலோடு கட்டும் யூ போல்ட்டின் முனையோ இறங்கக் கூடாது. டயர் காற்றுப் போய் ரிம்மில் உருளும் நிலை வந்தாலும் எதுவும் தரையில் குத்தாமல் இருக்க வேண்டும்.

இழந்த காஸ்டரைத் திரும்பக் கொண்டுவர அக்சிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே ஆப்பு வைக்க வேண்டும். ஸ்பிரிங் அக்சிலின் மேலே உட்காரும் வண்டியில் ஆப்பின் தடித்த பக்கம் பின்னோக்கி இருக்க வேண்டும். மாறி வைத்தால் இருக்கிற காஸ்டரும் போய்விடும். ஆப்பு இரும்பாக இருக்கட்டும், அலுமினியம் நசுங்கும். நடு ஆணியை நீளமானதாக மாற்றுங்கள், ஆணியின் தலை அக்சிலின் குழிக்குள் முழுவதும் உட்கார வேண்டும். யூ போல்ட்டுகள் கட்டாயம் புதியவை. ஒரு தடவை இழுபட்ட பழைய யூ போல்ட்டை மறுபடி பாவிப்பது வீண் ஆபத்து. நான்கு நட்டையும் மூலைக்கு மூலை சிறிது சிறிதாக இறுக்குங்கள்.

டை ரொட்டும் ட்ரக் லிங்க்கும்

அக்சில் இறங்கியது என்று நாம் சொல்கிறோம். உண்மையில் சேசிதான் இறங்கியது, அதிலிருந்து பார்த்தால் சக்கரமும் ஸ்டப் அக்சிலும் அதில் பூட்டிய ஆர்ம்களும் மேலே ஏறிவிட்டன. இதைப் புரிந்துகொண்டால் அடுத்து வருகிற எல்லாம் எளிது. டை ரொட் மேலே ஏறியதால் ஸ்பிரிங்கிலோ எஞ்சினின் அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டியான சம்ப்பிலோ உரசலாம். ட்ரக் லிங்க்கின் முன்முனை ஏறியதால் முன்பு சமமாகக் கிடந்த தண்டு இப்போது சாய்ந்து நிற்கும்.

சாய்ந்தால் என்ன? ஸ்பிரிங் மேலும் கீழும் போகும்போது அக்சில் ஒரு வில்வளைவில் நகர்கிறது. ட்ரக் லிங்க்கின் முனையும் பொக்ஸை மையமாக வைத்து இன்னொரு வில்வளைவில் நகர்கிறது. தண்டு சமமாக இருக்கும்போது இந்த இரண்டு வளைவுகளும் ஏறத்தாழ ஒன்றாகவே போகும். சாய்ந்தால் பிரிந்துவிடும். பிரியும் தூரம் அளவுக்குச் சக்கரம் தானாகத் திரும்பும். நீங்கள் ஸ்டியரிங்கை அசைக்காமல் பிடித்திருக்க, பள்ளத்தில் விழுந்ததும் வண்டி ஒரு பக்கம் துள்ளும். இதற்கு வழி, கீழே இறங்கிய வடிவில் செய்த ஸ்டியரிங் ஆர்ம்களைப் பூட்டுவது அல்லது பொக்ஸைச் சேசியில் உயர்த்துவது. வண்டி வழக்கமாக நிற்கும் உயரத்தில் ட்ரக் லிங்க் தரைக்குச் சமாந்தரமாக வர வேண்டும். ஸ்பிரிங்கின் அசையாத கண் இருக்கும் பக்கத்திலேயே பொக்ஸும் இருந்தால் இன்னும் நல்லது.

சோதித்துப் பார்ப்பது சுலபம். ஸ்பிரிங்கில் தாய்ப்பட்டையை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைக் கழற்றுங்கள். சேசியை ஸ்டாண்டில் வைத்து, ஸ்டியரிங் வளையத்தைக் கயிற்றால் கட்டி, அக்சிலை ஜக்கால் ஒரு அங்குலம் ஒரு அங்குலமாக உயர்த்துங்கள். டிரம்மில் ஒரு நீளச் சட்டத்தைக் கட்டி அதன் முனை எங்கே போகிறது என்று ஒரு பலகையில் குறியுங்கள். கோடு நேராக மேலே போனால் வெற்றி. இதற்கு அரை நாள் செலவாகும். அந்த அரை நாளைத் தயவுசெய்து மிச்சம் பிடிக்காதீர்கள்.

வளைவில் உட்சக்கரம் வெளிச்சக்கரத்தைவிட அதிகம் திரும்ப வேண்டும். இந்த யோசனை காரைவிட மூத்தது. மியூனிக்கைச் சேர்ந்த லாங்கென்ஸ்பெர்கர் என்ற வண்டி செய்பவர் குதிரை வண்டிக்காகக் கண்டுபிடித்ததை, 1818இல் லண்டனில் அக்கர்மன் தன் பெயரில் காப்புரிமை செய்தார். பெயர் அவருடையதாகவே நின்றுவிட்டது. உங்கள் வண்டியில் பார்க்க வேண்டுமானால், கிங்பின் நடுவிலிருந்து டை ரொட் எண்ட் துவாரத்தின் வழியாக ஒரு நூலைப் பின்னோக்கி இழுங்கள். இரு பக்க நூல்களும் பின் அக்சிலின் நடுவருகே சந்திக்க வேண்டும். டை ரொட்டை அக்சிலுக்கு முன்னால் கொண்டுவந்து பூட்டினால் இந்தக் கணக்கு தலைகீழாகும். அதனால் அது பின்னாலேயே இருக்கட்டும்.

வலப்பக்க ஸ்டியரிங்: இங்கே நமக்கு வேறு பாடம்

அமெரிக்கக் கடைகளில் விற்கும் ஸ்டியரிங் மாற்றுத் தொகுதிகள் பெரும்பாலும் இடப்பக்க ஸ்டியரிங்குக்கானவை. 'பொக்ஸை வலப்பக்கம் பூட்டினால் போச்சு' என்று நினைக்காதீர்கள். ஸ்டப் அக்சிலின் ஆர்ம் கிங்பின்னிலிருந்து வண்டியின் உட்பக்கம் நீண்டிருக்கிறது. வலச் சக்கரத்தில் அந்த ஆர்மைப் பிடித்து வண்டியை வலப்பக்கம் திருப்ப, ட்ரக் லிங்க் முன்னோக்கிப் போக வேண்டும். இடச் சக்கரத்தில் பிடித்தால் அதே திருப்பத்துக்கு அது பின்னோக்கி வர வேண்டும். ஆக, இடப்பக்கத்துப் பொக்ஸை அப்படியே வலப்பக்கம் மாற்றினால் நீங்கள் வலப்பக்கம் திருப்ப வண்டி இடப்பக்கம் போகும். எந்தப் பொக்ஸை வாங்கினாலும் கடையிலேயே அதன் தண்டை வலப்பக்கம் திருப்பி, பிட்மன் ஆர்ம் எந்தத் திசையில் போகிறது என்று பார்த்த பிறகே காசைக் கொடுங்கள்.

தொழிற்சாலையில் வந்த பொக்ஸில் உள்ளே உருளையும் அதைத் திருப்பும் திருகான வேர்மும் இன்னும் நன்றாக இருந்தால், பெயாரிங்கும் சீலும் மாற்றி அதையே பாவிப்பதுதான் என் முதல் தெரிவு. அது கெட்டுப்போயிருந்தால், முன்னால் முழு அக்சில் வைத்து வந்த பழைய 4 வீல் டிரைவ் டொயோட்டா ஹைலக்ஸின் வலப்பக்கப் பொக்ஸைத் தேடலாம். பஞ்சிகாவத்தையில் பழைய ஜப்பான் சாமான் கடைகளில் பொறுமையாக நடந்தால் அகப்படும். கழற்றிய வண்டியின் பிட்மன் ஆர்மையும் சேர்த்துக் கேளுங்கள், தனியாக ஆர்ம் தேடி அலைவது பெரும் பாடு.

பொக்ஸைப் பூட்டும் இடத்தில் சேசி வெறும் 'சி' வடிவத் தகடு. அதன் திறந்த பக்கத்தை 6 மில்லிமீட்டர்த் தகட்டால் மூடி, ஆணி போகும் துவாரங்களுக்குள் குழாய்த் துண்டு வைத்து வெல்ட் செய்யுங்கள். இல்லாவிட்டால் இறுக்கும்போது சேசி நசுங்கி, சில மாதத்தில் பொக்ஸ் ஆடத் தொடங்கும். ஸ்டியரிங் தண்டில் மடங்கிச் சுழலும் ஜொயிண்ட் இரண்டு வந்தால் இரண்டின் கவட்டைகளும் ஒரே வரிசையில் நிற்க வேண்டும். மூன்று வந்தால் நடுவில் ஒரு பெயாரிங் தாங்கி கட்டாயம்.

பொக்ஸின் நடுவைக் கண்டுபிடிக்க, ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை சுற்றுகளை எண்ணிப் பாதியில் நிறுத்துங்கள். இப்படிப்பட்ட பொக்ஸ் நடுவில்தான் ஆட்டமில்லாமல் இறுகியிருக்கும். பொக்ஸ் நடுவில் இருக்கும்போது சக்கரங்களும் நேராக இருக்கும்படி ட்ரக் லிங்க்கின் நீளத்தைச் சரிசெய்யுங்கள். வளையம் கோணலாக நிற்கிறதே என்று வளையத்தைக் கழற்றி நேராக்கிப் பூட்டுவது பிழையை மூடி மறைக்கிறது.

எதை ஒருபோதும் செய்யக் கூடாது

ஸ்டியரிங் ஆர்ம், பிட்மன் ஆர்ம் இவற்றை வெட்டி ஒட்டாதீர்கள். டை ரொட்டைத் தண்ணீர்க் குழாயில் செய்யாதீர்கள். தடித்த சுவருள்ள, மூட்டில்லாத உருக்குக் குழாயை வாங்கி, ஒரு முனையில் வலப்புரியும் மறுமுனையில் இடப்புரியும் லேத்தில் வெட்டிக்கொள்ளுங்கள். வேறு வண்டியின் டை ரொட் எண்டைப் போடும்போது அதன் கூம்பு ஆர்மின் துவாரத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும், கம்பெனிக்குக் கம்பெனி கூம்பு வேறுபடலாம். கூம்பில் மெல்லிய நீல மை பூசி உள்ளே வைத்து அழுத்தி எடுங்கள். மை முழு நீளத்துக்கும் தொட்டிருக்க வேண்டும். ஒரு வளையம் மட்டும் தொட்டிருந்தால் அந்த எண்ட் ஒருநாள் முறியும். ஒவ்வொரு நட்டுக்கும் ஸ்பிளிட் பின் போடுங்கள். கடைசியில் முழுவதும் திருப்பிப் பார்த்து, பொக்ஸ் தன் கோடியை முட்டுவதற்கு முன்பே ஸ்டப் அக்சிலின் நிறுத்தி முட்டுகிறதா, பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா, டயர் மட்காட்டில் உரசுகிறதா என்று பாருங்கள்.

இரும்பில் கை வைப்பதற்கு முன்பே, செய்யப்போகிற மாற்றத்தை நாரஹேன்பிட்டியில் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் எழுத்தில் கேட்டுவிடுங்கள், காப்புறுதிக் கம்பெனிக்கும் சொல்லிவிடுங்கள். முடிந்த பிறகு கேட்பது இரட்டைச் செலவு.

டோ இன் அளவும் முதல் ஓட்டமும்

முன் சக்கரங்கள் இரண்டும் முன்பக்கத்தில் சற்று உள்நோக்கி நெருங்கி நிற்பதுதான் டோ இன், அதை வீட்டிலேயே அளக்கலாம். சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றிக்கொண்டே டயரின் நடுவில் சுண்ணாம்பு பூசி, ஸ்டாண்டில் பொருத்திய ஆணியால் ஒரு மெல்லிய கோடு கீறுங்கள். வண்டியை இறக்கி, ஓரிரு அடி முன்னும் பின்னும் தள்ளி ஸ்பிரிங் இயல்பாக உட்கார விடுங்கள். இரண்டு கோடுகளுக்கும் இடையிலான தூரத்தைச் சக்கர நடு உயரத்தில் முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை அளவெடுங்கள். முன்னால் 1.5 முதல் 3 மில்லிமீட்டர் வரை குறைவாக இருக்க வேண்டும். டை ரொட் குழாயைத் திருப்பிச் சரிசெய்து, பூட்டு நட்டுகளை இறுக்கிவிடுங்கள்.

முதல் ஓட்டம் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், வீதி வெறிச்சோடி இருக்கும்போது. வீட்டு ஒழுங்கையில் பிரேக்கைப் பரிசோதித்த பிறகே பெரிய வீதிக்கு வாருங்கள். மணிக்கு 30 கிலோமீட்டரில் ஒரு வளைவை எடுத்துக் கையைத் தளர்த்துங்கள், வளையம் தானாக நேருக்கு வர வேண்டும். வராவிட்டால் கிங்பின் இறுகியிருக்கிறது அல்லது காஸ்டர் குறைவு. வேகம் ஏறும்போது முன்சக்கரம் இரண்டும் வலிப்பு வந்ததுபோல் உதறினால் உடனே மெதுவாக்கி ஓரங்கட்டுங்கள். எங்கேயோ ஆட்டம் மிச்சமிருக்கிறது, அல்லது சக்கரம் சமன்செய்யப்படவில்லை. ஸ்டியரிங் டம்பர் பூட்டி அதை அடக்கப் பார்க்காதீர்கள், காரணத்தைக் கண்டுபிடியுங்கள்.

10 கிலோமீட்டர் ஓடியதும் ஒரு தடவை, 100 கிலோமீட்டரில் ஒரு தடவை யூ போல்ட்டுகளை மறுபடி இறுக்குங்கள். புதிய ஸ்பிரிங் பட்டைகளும் ஆப்பும் படியும்போது நட்டுகள் கட்டாயம் தளரும். அப்புறம், வெள்ளம் நின்ற வீதியால் வந்த அன்று இரவே கிங்பின் நிப்பிள்களில் கிறீஸ் அடியுங்கள். உள்ளே போன தண்ணீர் பாலாடைபோல் வெளுத்து வரும். அது நின்று சுத்தமான கிறீஸ் வரும் வரை அடியுங்கள்.